நான்காவது நிபந்தனை

உ
கொக்குவில் கிழக்கு
2025.01.19

அன்பின் அத்தான்,

நானும் தாரிகாவும் சுகம். பொங்கல் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பி வைத்திருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிறு தோறும் ரெலிபோனில் "சுகம், சுகம்" என்கிறீர்கள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் நின்று சொல்லும் சுகத்தை நான் எப்படி நம்புவது? அதனால்தான் கடதாசியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ரெலிபோனில் நாங்கள் கதைப்பதெல்லாம் தாரிகாவின் பள்ளிக்கூடப் புள்ளியும் தண்ணீர் மோட்டரும்தான். மாலைதீவுக்குத் தபால் பதினைந்து நாள் எடுக்கும் என்றார்கள். எடுக்கட்டும்.

ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் ஒப்பந்தகாரர் சங்கத்தில் நான் எழுதுவினைஞராகி இரண்டு வருஷமாகிறது. இத்தனை நாளும் "வேலை தாருங்கள், வேலை தாருங்கள்" என்று அமைச்சுக்கும் மாகாணத்துக்கும் மகஜர் தட்டெழுதிக் கை தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது வலிகாமத்து உள்வீதிகளுக்கும் வெள்ள வாய்க்கால்களுக்கும் வெளிநாட்டுக் கடன் கிடைத்திருக்கிறது. முப்பத்தெட்டுக் கிலோமீற்றர்! ஆனால் முழுவதையும் ஒரே கேள்விப்பத்திரமாக, ஒரே ரெண்டராகக் கோரப் போகிறார்களாம். அப்படியென்றால் வெளியிலிருந்து ஒரு பெரிய கொம்பனி வரும், எங்கள் ஆட்கள் அவர்களுக்குக் கல் பறித்துக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு துண்டாக வெட்டினால் உங்கள் பதிவுத் தரத்தில் உள்ளவர்களும் கேட்கலாம். நீங்களும் கேட்கலாம். உங்கள் பதிவை நான் ஒரு வருஷமும் விடாமல் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

2022இல் வேலையெல்லாம் நின்றுபோய் நீங்கள் வெளிக்கிட்டபோது, "இஞ்சை ஒரு வேலை வந்தால் அடுத்த பிளேனிலை நிப்பன்" என்று சொன்னீர்கள். நான் அதை மறக்கவில்லை.

உங்கள் கொங்கிறீற் மெசினுக்குள் எங்கள் செங்கோழி அடை கிடக்கிறது. எழுப்பப் போனால் கொத்த வருகிறது. மெசின் சும்மா கிடக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
உதயகலா

—

2025.02.16

அன்பின் கலாவுக்கு,

உமது கடிதம் மீன்பெட்டியோடு வள்ளத்தில் வந்தது. முத்திரையில் செதில் ஒட்டியிருந்தது. நான் சுகம். எழுத்தில் சொல்வதால் நம்பலாம். இடது முழங்கால் மட்டும் நோகிறது, அதை ரெலிபோனில் சொல்லவில்லை. நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே கடலுக்கு மதில் கட்டுகிறோம். தீவைச் சுற்றி நடக்க அரை மணித்தியாலம் போதும். எங்கு பார்த்தாலும் வெள்ளை மணல். போன கிழமை ஒரு சாமான் பெட்டியின் அடியில் எங்கோ ஒட்டி வந்த செம்மண்ணைக் கண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். வெல்டிங் செய்கிற சுன்னாகத்துச் சுபாங்கன் அதைக் கண்டுவிட்டு, "என்ன அண்ணை, திருநீறோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வேலைக்கு வருவோம். சங்கத்தில் எப்படி வெட்டச் சொல்கிறார்கள்? கிலோமீற்றர் கணக்கில் என்றால் நாசமாய்ப் போகும். வீதியை எங்கும் வெட்டலாம், தண்ணீரை வெட்ட முடியாது. மேட்டிலே ஒருவன் வாய்க்காலை முடித்துவிடுவான், பள்ளத்தில் மற்றவன் தொடங்கியே இருக்க மாட்டான். மாரி வந்தால் முதலாமவனின் தண்ணீரெல்லாம் இரண்டாமவனின் பள்ளத்துக்குள் நிற்கும். பிறகு ஆளுக்காள் பழி. அதிகாரிகள் "துண்டாக வெட்டினால் ஒழுங்கு கெடும்" என்று சொல்வது இதனால்தான். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

தண்ணீர் ஓடுகிற பக்கம் பார்த்து வெட்டச் சொல்லும். எந்த ஒழுங்கையின் தண்ணீர் எந்தக் குளத்துக்கு ஓடுகிறது, எந்தக் குளம் நிரம்பி வழுக்கையாற்றுக்குப் போகிறது என்று பார்த்தால் தானாகவே பன்னிரண்டு பதின்மூன்று துண்டு வரும். ஒரு துண்டின் தண்ணீர் இன்னொரு துண்டுக்குப் போகாது. நினைவில் இருந்தபடி கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டரை வருஷமாகியும் ஒரு மதகு கூட மறக்கவில்லை. அதில் எனக்கே ஆச்சரியம்.

செங்கோழியை எழுப்ப வேண்டாம்.

உமது
வாகீசன்

—

உ
கொக்குவில் கிழக்கு
2025.03.09

அன்பின் அத்தான்,

வீட்டில் எல்லோரும் சுகம். தாரிகா சோதனைப் பயத்தில் சோற்றைக் கொறிக்கிறாள், அவ்வளவுதான். உங்கள் முழங்காலுக்குச் சித்தாலேப தடவுங்கள். அங்கே இல்லையென்றால் சொல்லுங்கள், ஆரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

போன சனிக்கிழமை சுன்னாகத்தில், வெங்காயக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் சங்கக் கந்தோரில் கூட்டம். நாற்பத்தொரு பேர். முப்பத்தெட்டுக் கிலோமீற்றரை எப்படி வெட்டுவது என்று தொடங்கி, ஆளுக்காள் தன் ஊர் ஒழுங்கையைத் தன் மடிக்குள் இழுத்தார்கள். சந்தையில் கூட அப்படிச் சத்தம் இருக்காது. நான் எழும்பி உங்கள் படத்தைச் சுவரில் ஒட்டினேன். முன்வரிசை முதலில் வாயை மூடியது, பிறகு பின்வரிசை.

"உதை ஆர் கீறினது?" என்று ஒருவர் கேட்டார்.

"என்ரை மனுசன்" என்றேன்.

தலைவர் தில்லைநாதன் அண்ணை எழும்பி வந்து, படத்தில் மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார். "வாகீசன் கடலுக்கு நடுவிலை இருந்துகொண்டும் எங்கடை தண்ணியைத்தான் பாக்கிறான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயக் கடைக்கு மேலே இருப்பதில் ஒரு வசதி, கண் கலங்கினால் ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

உங்கள் படத்தை வைத்துத்தான் மகஜர் எழுதுகிறேன். மே மாதம் கச்சேரியில் அரசாங்க அதிகாரிகள் முன்னால் விசாரணை. அத்தான், இது நடக்கும் போல இருக்கிறது. நடந்தால் நீங்கள் வந்துவிடுவீர்கள். வாசலைக் கூட்டும்போது உங்கள் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கும் என்று யோசிக்கிறேன். பைத்தியம் என்று சிரியுங்கள்.

உங்கள்
உதயகலா

—

2025.04.20

அன்பின் கலாவுக்கு,

புதுவருஷ வாழ்த்து. உமக்கும் பிள்ளைக்கும் இந்த வருஷம் குறையில்லாமல் இருக்கட்டும். நான் சுகம், முழங்காலும் பரவாயில்லை. வருஷப் பிறப்பன்று தீவிலிருந்த நாங்கள் ஏழு தமிழரும் சேர்ந்து ஒரு பாயசம் காய்ச்சினோம். சவ்வரிசி கட்டியாகி அள்ள முடியாமல் போய்விட்டது. சாந்து பூசலாம் போலிருந்தது.

இரண்டு விஷயம் எழுத வேண்டும்.

ஒன்று. என்னுடைய ஒப்பந்தம் செப்ரெம்பர் முப்பதோடு முடிகிறது. நீடிக்கவில்லை என்று முகாமையாளரிடம் வாயால் சொல்லிவிட்டேன். கேள்விப்பத்திரம் வருமோ வராதோ தெரியாமல் சொன்னது முட்டாள்தனம் என்று சுபாங்கன் சொல்கிறான். அந்தச் செம்மண்ணைத் தொட்ட நாளிலிருந்து எனக்கு இங்கே கால் நிற்கவில்லை. பிள்ளைக்கு இப்போது சொல்ல வேண்டாம்.

மற்றது, மூன்று வருஷமாக நான் கேட்க நினைத்துக் கேட்காதது. நான் வெளிக்கிட்ட அன்று கொக்குவில் ஸ்ரேசனுக்கு வந்தீர். ரயில் வந்து நின்று வெளிக்கிடும் வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்கு முதல்நாள் வரை, "கஞ்சியைக் குடிச்சாலும் இஞ்சை இருந்து பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர். நான் கேட்கவில்லை. மற்றவர்களெல்லாம் இருந்தார்கள், நான் போனேன். அது இன்னும் உமது மனதில் கிடக்கிறதா? கிடந்தால் எழுதும். ரெலிபோனில் வேண்டாம்.

உமது
வாகீசன்

—

உ
கொக்குவில் கிழக்கு
2025.05.25

அன்பின் அத்தான்,

எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை வெகு அவசரத்தில் எழுதுகிறேன். லீவில் வந்து நிற்கும் சுபாங்கன் நாளைக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கூடவே சித்தாலேப, பனங்கட்டி, எள்ளுப்பாகு.

கச்சேரி விசாரணையில் நான்தான் பேசினேன்! தில்லைநாதன் அண்ணை மகஜரை விரித்துவிட்டு ஒரு நிமிஷம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சரிந்து, "பிள்ளை, நான் மனுசியின்ரை கண்ணாடியை மாறிப் போட்டுக்கொண்டு வந்திட்டன். எழுத்தெல்லாம் புழு மாதிரி ஓடுது. நீ வாசி" என்றார். நான் வாசித்தேன். தண்ணீர்க் கதைக்கு வந்ததும் தாளை வைத்துவிட்டு, உங்கள் படத்தைக் காட்டிக் கதைத்தேன். கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் எழுந்து கிட்ட வந்து பார்த்தார். பன்னிரண்டு துண்டுக்கும் தலையாட்டிவிட்டார்கள்.

ஆனால் மேசையின் அந்தக் கரையிலிருந்த அதிகாரி ஒரு கொக்கி போட்டார். "சரி, பன்னிரண்டு துண்டாக்குவம். பன்னிரண்டையும் ஒரே கொம்பனி பன்னிரண்டு பேர்ப்பலகையோடை வந்து எடுத்தால் என்ன செய்வியள்?" என்றார். நிபந்தனைகளை நீங்களே எழுதித் தாருங்கள் என்று யூன் இருபது வரை தவணை தந்திருக்கிறார்கள்.

கந்தோருக்குத் திரும்பி வந்து யோசித்தோம். உங்களிடம் மேசனாக நின்ற றோய் இப்போது தானே ஒப்பந்தகாரர், அது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக வாய் திறக்காதவர் அன்று எழும்பினார். "அந்த ரெண்டு வருசமும் சீமெந்து இல்லை, டீசல் இல்லை. நாங்கள் ஊரை விட்டுப் போகேல்லை. பள்ளிக்கூடக் கக்கூசைக் கட்டிக்கொண்டு இருந்தனாங்கள். இருந்தவனுக்கு ஒரு மதிப்பு இருக்கவேணும்" என்றார். சொல்லிவிட்டு ஏனோ என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். எனக்கு அங்கேயே வசனம் வந்துவிட்டது. நின்ற நிலையில் எழுதினேன். அதுதான் நான்காவது நிபந்தனை:

"விண்ணப்பதாரர், கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு வேலையையேனும் இம்மாகாணத்தில் தாமே தளத்தில் நின்று செய்து முடித்தவராக இருத்தல் வேண்டும்."

வாசித்து முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கை தட்டினார்கள் பாருங்கள், கீழே வெங்காயக்காரர் மேலே ஏறி வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார். தில்லைநாதன் அண்ணை என் தலையில் கை வைத்து, "உனக்குப் பெரிய மனம் பிள்ளை" என்றார். ஒரு வசனத்துக்கு இவ்வளவு புகழா என்று எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. இனிப் பேர்ப்பலகையோடு எவன் வருகிறான் பார்ப்போம்!

முழுப் பிரதியும் இதற்குள் இருக்கிறது. பிழை ஏதும் கண்டால் இருபதாம் திகதிக்கு முதல் சொல்லுங்கள். அவசரமென்றால் ரெலிபோனிலேயே சொல்லுங்கள்.

சுபாங்கன் வாசலில் வந்து நிற்கிறார். மிச்சம் பிறகு.

உங்கள்
உதயகலா

—

உ
கொக்குவில் கிழக்கு
2025.06.29

அன்பின் அத்தான்,

இங்கே சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

சுபாங்கன் போய் ஒரு மாதமாகிறது. எள்ளுப்பாகு நன்றாக இருந்தது என்று சொன்னீர்கள். பிள்ளையோடு அரை மணித்தியாலம் சிரித்துச் சிரித்துக் கதைத்தீர்கள். நான் ரெலிபோனை வாங்கினால் மட்டும், "வேறை என்ன, வேறை என்ன" என்கிறீர்கள். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு ஞாயிறு பார்த்துவிட்டேன். அறையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை.

பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் சொல்லாதபடியால் பிழை இல்லை என்று எடுத்துக்கொண்டு இருபதாம் திகதி கையளித்துவிட்டோம்.

எழுதுங்கள் அத்தான். இரண்டு வரியென்றாலும் போதும்.

உதயகலா

—

2025.07.20

அன்பின் கலாவுக்கு,

சுகம். பிள்ளையின் பெறுபேறு கேட்டுச் சந்தோஷம். கணிதத்தில் ஏ எடுத்தது உம்முடைய மூளை.

கடிதம் கிடைத்தது. பிரதியை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர், ஒரு சொல் கூடவுமில்லை குறையவுமில்லை. நான்காவது நிபந்தனை நியாயமானது. நீர் எழுதவேண்டியதைத்தான் எழுதியிருக்கிறீர்.

இங்கே மதிலின் கிழக்குப் பக்கம் முடிந்துவிட்டது. கொம்பனி என்னை இன்னும் இரண்டு வருஷம் நிற்கச் சொல்கிறது. யோசிக்கிறேன். கையெழுத்துப் போடச் செப்ரெம்பர் முப்பது வரை நேரமிருக்கிறது.

மெசினை றோயிடம் கொடும். அவன் கையில் என்றால் ஓடும்.

வாகீசன்

—

உ
கொக்குவில் கிழக்கு
2025.08.10

அத்தான்,

நாங்கள் சுகம். நல்லூர்த் திருவிழா நடக்கிறது. ஒவ்வொரு நாளும் போய் உங்களுக்காகக் கும்பிட்டு வந்தேன். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து சண்டை பிடித்துவிட்டு வருகிறேன்.

என்ன நடந்தது உங்களுக்கு? ஏப்ரலில் கால் நிற்கவில்லை என்று எழுதிய மனுசன் யூலையில் யோசிக்கிறாராம். அங்கே சுகமில்லையா? யாராவது ஏதாவது சொன்னார்களா? மாலைதீவில் இன்னொரு குடும்பம் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், தலையில் அடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன். கல்லுப் பிள்ளையார் போல இருந்தால் நான் என்னத்தைக் கண்டேன்?

வெற்றி என்று எழுத வேண்டிய நேரத்தில் இப்படி எழுத வைத்துவிட்டீர்கள். ஓம், வென்றுவிட்டோம். பன்னிரண்டு துண்டும், எங்கள் நிபந்தனை ஆறும், ஒரு எழுத்தும் மாறாமல் ஏற்றுக்கொண்டார்கள். இதே நிபந்தனைகளோடு 2028இல் தென்மராட்சிக்கு இரண்டாம் கட்டமும் வருகிறது. சங்கத்தில் பிள்ளையாருக்கு மோதகம் அவித்தோம். உங்கள் பங்கு என்று நான் இரண்டு எடுத்து வைத்து, பின்னேரம் நானே அழுதுகொண்டு தின்றேன்.

மெசினை றோய்க்குக் கொடுக்க மாட்டேன். வந்து நின்று கேட்டாலும் கொடுக்க மாட்டேன். இந்த மாதக் கடைசியில் விண்ணப்பப் படிவம் தருவார்கள். உங்கள் பெயரில் நானே நிரப்பி வைக்கிறேன், நீங்கள் வந்து கையெழுத்தைப் போடுங்கள்.

உதயகலா

—

உ
கொக்குவில் கிழக்கு
2025.08.27

அத்தான்,

சுகம் கேட்டு எழுத எனக்கு இன்றைக்கு முகமில்லை.

இன்று காலை படிவம் வந்தது. முதலாவது படிவத்தை உங்களுக்கென்று எடுத்து வைத்து, எழுத இருந்தேன். பெயர், விலாசம், பதிவு இலக்கம். நான்காவது இடத்தில் மூன்று பெட்டி. 2022/23இல் செய்த வேலை. 2023/24இல் செய்த வேலை. 2024/25இல் செய்த வேலை.

மூன்று வருஷமும் நீங்கள் மாலைதீவில். பேனை அங்கேயே நின்றுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையால் கெட்டேன்.

படியிறங்கிக் கீழே ஓடினேன். தில்லைநாதன் அண்ணை அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கினார். "அண்ணை, நாலாவதிலை ஒரு சொல்லை மாத்தலாமோ?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கடைவாசலில் கிடந்த வெங்காயச் சாக்கின் மேலேயே இருந்துவிட்டார். "இனி அதிலை ஒருத்தரும் கை வைக்கேலாது பிள்ளை. நீ அதை எழுதின அண்டைக்கே எனக்கு வாகீசன்ரை நினைவு வந்தது. எல்லாருக்கும் வந்தது. நீ அவனைப் பாராமல் ஊரைப் பாத்து எழுதினாய் எண்டெல்லோ கை தட்டினனாங்கள்?" என்றார்.

நாற்பத்தொரு பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. றோய் ஏன் நிலத்தைப் பார்த்தார் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

அங்கிருந்தே சுபாங்கனுக்கு ரெலிபோன் எடுத்தேன். நீங்கள் கடிதத்தை எப்போது வாசித்தீர்கள் என்று கேட்டேன். "நான் வந்து இறங்கின அண்டைக்கே அக்கா. அண்ணை ஜெற்றியிலை நிண்டபடியே வாசிச்சவர். ரெண்டுதரம் வாசிச்சவர். பிறகு மடிச்சுச் சேட்டுக்குள்ளை வைச்சிட்டு வேலைக்குப் போயிட்டார்" என்றார்.

மே இருபத்தெட்டு. யூன் இருபதுக்கு இன்னும் இருபத்துமூன்று நாள் இருந்தது. ஒரு சொல், "கலா, என்னை மறந்துவிட்டீர்" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அழித்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை? நான் அதை எப்படி எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

உதயகலா

—

2025.09.13

அன்பின் கலாவுக்கு,

நான் சுகம். நீர் அழ வேண்டாம். சுபாங்கன் தங்கையின் கலியாணத்துக்கு வருகிறான். அவன் கையில் இதைத் தருகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர். சொல்கிறேன்.

ஏப்ரலில் உம்மிடம் ஒன்று கேட்டு எழுதியிருந்தேன். மற்றவர்கள் இருந்தார்கள், நான் போனேன், அது உமது மனதில் கிடக்கிறதா என்று. அதற்குப் பதிலைப் பார்த்து ஐந்து கிழமை இருந்தேன். சுபாங்கன் கொண்டுவந்த கடிதத்தை மேலிருந்து கீழ்வரை தேடினேன். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "இருந்தவனுக்கு ஒரு மதிப்பு இருக்கவேணும்" என்று இருந்தது. கீழே நான்காவது நிபந்தனை இருந்தது. தாமே தளத்தில் நின்று.

அதுதான் உமது பதில் என்று நினைத்தேன், கலா. மூன்று வருஷமாக வாயால் சொல்லாததைச் சங்கத்துக் கடிதத்தில் எழுதிவிட்டீர் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. நியாயம் என்றுதான் பட்டது. நான் போனவன்தானே? அதில் பிழை பிடித்து, என்னையும் சேர்த்துக்கொள்ளும் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? எட்டுப் பேர் அறையில் நின்று கேட்பதற்குரியதா அது?

இப்போது உமக்குத் தெரியாமல் நடந்தது என்று அறிகிறேன். அதுவும் ஒருவகையில் நோகத்தான் செய்கிறது. தெரிந்து எழுதியிருந்தால் என்னை நினைத்து எழுதினீர் என்றாவது இருக்கும்.

இனி அந்த நிபந்தனையைத் தொட வேண்டாம். அது இல்லாவிட்டால் பேர்ப்பலகைகள் வந்துவிடும். நாற்பது பேரின் அடுப்பு அது. வந்து நான் என்ன செய்ய? ஊரெல்லாம் வேலை நடக்கும், நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வருஷம் இங்கேயே நிற்கிறேன். அதற்குள் காலம் மாறட்டும். முப்பதாம் திகதி கையெழுத்துப் போடுவேன்.

பிள்ளையை உயர்தரத்துக்குக் கணிதம் எடுக்கச் சொல்லும்.

உமது
வாகீசன்

—

உ
கொக்குவில் கிழக்கு
2025.09.21

அன்பின் அத்தான்,

நாங்கள் இருவரும் சுகம். இதைச் சுபாங்கன் இருபத்தைந்தாம் திகதி உங்கள் கையில் தருவார். ஜெற்றியில் நின்று வாசிக்க வேண்டாம். எங்காவது இருந்து வாசியுங்கள்.

ஏப்ரலில் கேட்டதற்கு நான் பதில் எழுதாதது என் பிழை. கச்சேரியில் பேசிய பெருமையில் தலைகால் தெரியாமல் இருந்தேன், பிறகு எழுதலாம் என்று விட்டேன். இப்போது எழுதுகிறேன். ஸ்ரேசனில் நான் கோபத்தில் பேசாமல் நிற்கவில்லை. வாயைத் திறந்தால், போகாதேயுங்கோ என்று கத்தி, அத்தனை சனத்துக்கு முன்னால் உங்கள் கையைப் பிடித்து இழுத்துவிடுவேன் என்ற பயத்தில் நின்றேன். மனதில் கிடந்தது அவ்வளவுதான்.

நான் அதை எப்படி எழுதினேன் என்பதும் விளங்கிவிட்டது. இரண்டு மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் யோசித்துத்தான் விளங்கியது. "இருந்தவர்கள்" என்று எழுதும்போது உங்களையும் சேர்த்துத்தான் எழுதினேன், அத்தான். உங்கள் பதிவைப் புதுப்பிக்கிறேன். சங்கத்து வரவுப் புத்தகத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் உங்கள் பெயரை எழுதி, வரவில்லை என்று போட மனமில்லாமல் வெறுமனே விடுகிறேன். மழை பெய்தால், நீங்கள் கட்டிய மதகில் தண்ணீர் நிற்கிறதா என்று சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஊருக்கெல்லாம் நீங்கள் போய் மூன்று வருஷம். எனக்கு நீங்கள் போகவே இல்லை. அந்த மூன்று பெட்டியையும் கண்ட பிறகுதான், போய்விட்டீர்கள் என்பது எனக்குத் தெரிய வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

காலம் மாறட்டும் என்கிறீர்கள். அந்த நிபந்தனையை எழுதியவள் நான், என்னைவிட யாருக்கு அது தெரியும்? அது காலத்தோடு மாறாது. நீங்கள் அங்கே இரண்டு வருஷம் நின்றாலும் வெறும் பெட்டி மூன்றுதான், பத்து வருஷம் நின்றாலும் மூன்றுதான். நீங்கள் இங்கே வந்து ஒரு வேலை முடித்தால் அது இரண்டாகும். அடுத்த வருஷம் இன்னொன்று முடித்தால் ஒன்றாகும். 2028இல் தென்மராட்சிக்கு விண்ணப்பம் போடும்போது ஒன்றுமில்லாமல் போகும். இந்த வருஷம் வந்தால்தான் அந்தக் கணக்குச் சரிவரும்.

மானிப்பாய்ப் பக்கம் ஒரு வாசிகசாலைக்கு முன்னால் மதகு ஒன்று இடிந்து கிடக்கிறது. ஆறடி. அதைக் கட்டித் தர ஒருவரும் வரவில்லை என்று சங்கத்துக்கு எழுதியிருந்தார்கள். வாகீசன் வருகிறார் என்று பதில் தட்டெழுதிவிட்டேன். கடலுக்கு மதில் கட்டுகிறவருக்கு ஆறடி மதகு குறைவுதான். ஊர் சிரிக்கும் என்று நினைக்கலாம். சிரித்தால் நானும் பக்கத்தில் நிற்பேன், இரண்டு பேருமாகக் கேட்போம்.

முப்பதாம் திகதி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுத வேண்டாம்.

உங்கள்
உதயகலா